5800எக்ஸ் செயலியை ஓவர்கிளாக் செய்வதானால் எந்த வழியில் செய்வது?

ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 7 5800எக்ஸ் 2020 நவம்பரில் விற்பனைக்கு வந்தது. எட்டுக் கோர் (தனித்தனியே உழைக்கும் கணக்கீட்டுப் பகுதி), பதினாறு திரெட் (ஒரே நேரத்தில் ஓடும் பணித்தொடர்), 3.8 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம், 4.7 கிகாஹெர்ட்ஸ் வரை பூஸ்ட் (தேவைக்கேற்பத் தானாக ஏறும் வேகம்) என்னும் அதன் திறன் வீடியோ எடிட்டிங், ரெண்டரிங், நிரல்களைக் கம்பைல் செய்தல், விளையாட்டு ஆகிய எல்லாவற்றுக்கும் இன்றும் ஈடுகொடுக்கிறது. அடுத்த தலைமுறைக்கு மாற நினைத்தால் செயலியோடு மதர்போர்டையும் டிடிஆர்5 நினைவகத்தையும் சேர்த்தே வாங்க வேண்டியிருப்பதால், கையில் இருக்கும் செயலியையே இன்னும் கொஞ்சம் வேகமாக ஓட்ட, அதாவது ஓவர்கிளாக் செய்ய முடியுமா என்ற எண்ணம் பலருக்கும் வருவது இயல்பு. அப்படி எண்ணுகிறவர்முன் மூன்று வழிகள் இருக்கின்றன. எட்டுக் கோர்களையும் ஒரே வேகத்தில், ஒரே மின்னழுத்தத்தில் நிலையாகப் பூட்டி ஓட்டுவது முதலாவது. செயலியின் தானியங்கி பூஸ்ட் வசதியை அப்படியே வைத்துக்கொண்டு, மின்வரம்புகளை மாற்ற உதவும் பிபிஓ எனப்படும் பிரிசிஷன் பூஸ்ட் ஓவர்டிரைவ் வழியாகவும், கோர்களின் மின்னழுத்தத்தைக் குறைக்க உதவும் கர்வ் ஆப்டிமைசர் வழியாகவும் அதற்குக் கூடுதல் இடம் கொடுப்பது இரண்டாவது. தொழிற்சாலை அமைப்பைத் தொடாமல் விடுவதோ, ஈகோ மோடில் மின்வரம்பை இன்னும் குறைத்துக்கொள்வதோ மூன்றாவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்கு இரண்டாவது வழியே ஏற்றது. அதுவும் மின்வரம்பை உயர்த்தாமல், முடிந்தால் சற்றுக் குறைத்துச் செய்வதே நல்லது. ஆனால் மூன்றிலும் சோதித்துப் பார்க்க மிகக் கடினமானதும் அதுதான். ஆகவே எந்த வழி எத்தனை மெகாஹெர்ட்ஸ் தருகிறது என்பதை மட்டும் வைத்து ஒப்பிட்டால் போதாது. அந்த வழி தவறும்போது எந்தச் சூழலில் தவறுகிறது, அந்தத் தவறு நம் கண்ணில் படுமா, படாமல் கோப்புகளைக் கெடுத்துக்கொண்டிருக்குமா என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

பழைய ஓவர்கிளாக்கிங் கதைகளைப் படித்துவிட்டு இந்தச் செயலிக்கு வருகிறவர்கள் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ, பஸ் வேகத்தை (செயலி மற்ற பாகங்களோடு பேசும் துடிப்பை) 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100 ஆக மாற்றியவுடன் 450 மெகாஹெர்ட்ஸில் ஓடியது. ஐம்பது விழுக்காடு கூடுதல் வேகம் ஏறத்தாழ இலவசமாகக் கிடைத்தது. 2011இல் வந்த கோர் ஐ5-2500கே 3.3 கிகாஹெர்ட்ஸ் அடிப்படை வேகம் கொண்டது. நல்ல காற்றுக் கூலர் இருந்தால் அது 4.5 கிகாஹெர்ட்ஸ் அளவை எட்டுவது சாதாரணமாக இருந்தது. அந்த நாட்களில் உற்பத்தியாளர்கள் பாதுகாப்புக்காக விட்டுவைத்த இடைவெளி அகலமானது. இன்றைய செயலிகளோ வெப்பம், மின்னோட்டம், மின்னழுத்தம் ஆகியவற்றை நொடிக்கு நொடி அளந்து, அந்த இடைவெளியின் பெரும்பகுதியைத் தாமே பயன்படுத்திக்கொள்கின்றன. 5800எக்ஸின் பூஸ்ட் என்பது தொழிற்சாலையே செய்து கொடுத்த ஓவர்கிளாக் என்று சொன்னாலும் தவறில்லை. நமக்கு மிஞ்சுவது சில விழுக்காடுகளே.

அந்தச் சில விழுக்காடுகளுக்கு நாம் கொடுக்கும் விலையை ஒரு சிறு கணக்கு காட்டும். ஒரு சிப் செலவிடும் இயக்கத் திறன் அதன் அதிர்வெண்ணுக்கு நேர்விகிதத்திலும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்திலும் கூடுகிறது. 1.20 வோல்ட்டில் 4.4 கிகாஹெர்ட்ஸில் ஓடும் கோர்களை 4.65 கிகாஹெர்ட்ஸுக்கு உயர்த்த 1.35 வோல்ட் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வேகம் ஆறு விழுக்காட்டுக்கும் குறைவாகவே கூடுகிறது; மின்செலவோ மூன்றில் ஒரு பங்கு ஏறிவிடுகிறது. கசிவு மின்னோட்டம் இந்தக் கணக்கில் சேரவில்லை. வெப்பம் ஏற ஏற அதுவும் கூடும். ஒரு மணி நேரம் எடுக்கும் ரெண்டரிங் வேலை இதனால் மூன்று நிமிடங்கள் முன்னதாக முடியும். அந்த மூன்று நிமிடம் யாருக்குப் பெரிது என்பதை அவரவர் வேலையே சொல்ல வேண்டும்.

எல்லாக் கோர்களுக்கும் ஒரே வேகம்

முதல் வழியின் பெரிய நன்மை அதன் எளிமை. பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கக்கூடிய அமைப்புத் திரையில்) பெருக்கியை, அதாவது 100 மெகாஹெர்ட்ஸ் அடிப்படைத் துடிப்பைப் பெருக்கும் எண்ணை, 46 என்றும் மின்னழுத்தத்தை ஒரு குறிப்பிட்ட எண் என்றும் எழுதிவிட்டால் எட்டுக் கோர்களும் 4.6 கிகாஹெர்ட்ஸில் நிற்கும். ஏ320 சிப்செட் கொண்ட மதர்போர்டுகள் இதற்கு இடம் தருவதில்லை. பி450, பி550, எக்ஸ்570 ஆகியவை தரும். இவ்வகை ஓவர்கிளாக் தவறும்போது பெரும்பாலும் கடும் சுமையில்தான் தவறும் என்பது இதன் இன்னொரு நன்மை. பிரைம்95 நிரலில் சிறிய எஃப்எஃப்டி என்ற கடும் கணக்குச் சோதனையை ஓடவிட்டால் போதாத மின்னழுத்தம் விரைவில் வெளிப்பட்டுவிடும். ஒன்று நிரல் பிழை காட்டி ஒரு திரெட்டை நிறுத்தும், அல்லது கணினி விழுந்துவிடும். எதையும் ஒளித்து வைக்காத இந்தக் குணத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் 5800எக்ஸைப் பொறுத்தவரை இதில் ஓர் அடிப்படைக் குறை உண்டு. பெருக்கியைப் பூட்டியவுடன் தானியங்கி பூஸ்ட் நின்றுவிடுகிறது. ஒன்றிரண்டு கோர்கள் மட்டும் உழைக்கும் நேரத்தில் இச்செயலி தானாகவே 4.7 கிகாஹெர்ட்ஸையும் தாண்டிப் போகக்கூடியது; நிலையான 4.6இல் பூட்டியவர் எட்டுக் கோர் வேலையில் சிறிது பெற்று, ஒற்றைக் கோர் வேலையில் இழக்கிறார். இணைய உலாவி, போட்டோ எடிட்டிங், பெரும்பாலான விளையாட்டுகள் எல்லாம் ஒன்றிரண்டு கோர்களின் வேகத்தையே பெரிதும் சார்ந்திருப்பதால், அன்றாடப் பயன்பாட்டில் கணினி மந்தமாகிவிட்டது என்றுகூடத் தோன்றலாம்.

இதைவிடக் கவலைக்குரியது மின்னழுத்தத்தை அமைப்பதில் வரும் ஒரு தவறான புரிதல். எச்டபிள்யூஇன்ஃபோ64 போன்ற கண்காணிப்பு நிரலில், மெல்லிய சுமையின்போது 1.45 அல்லது 1.5 வோல்ட் வரை எண்கள் தோன்றுவதைப் பார்த்து, ‘செயலியே அவ்வளவு எடுக்கிறதே, நாமும் அதையே கொடுத்தால் என்ன’ என்று முடிவு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த உயர்ந்த மின்னழுத்தத்தைச் செயலி அனுமதிப்பது, ஒன்றிரண்டு கோர்கள் சிறிதளவு மின்னோட்டத்தோடு சில கணங்கள் ஓடும்போது மட்டுமே. எட்டுக் கோர்களும் முழுச் சுமையில் இருக்கும்போது அதே மின்னழுத்தத்தை நிலையாகக் கொடுப்பது முற்றிலும் வேறான செயல்; கைமுறை அமைப்பில் செயலியின் தற்காப்புக் கணக்குகள் பெரும்பாலும் ஒதுக்கப்பட்டுவிடுவதால் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. இந்த வழியைத் தேர்பவர்கள் 1.25 வோல்ட் அளவில் தொடங்கி, அந்த மின்னழுத்தம் எந்த வேகத்தைத் தாங்குகிறது என்று தேடுவதே முறை. வேகத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதை எட்டும்வரை மின்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போவது முறையன்று. சுமை ஏறும்போது மின்னழுத்தம் சற்றுச் சரிவது இயல்பே. அந்தச் சரிவை முழுவதும் ஈடுகட்ட லோட்லைன் கேலிபரேஷனை உச்சத்தில் வைத்தால், சுமை விலகும் கணத்தில் மின்னழுத்தம் நாம் எழுதிய எண்ணைத் தாண்டித் துள்ளும். நடுத்தர அளவே போதுமானது.

நாள் முழுவதும் ரெண்டரிங் செய்யும் கணினி, எப்போதும் எட்டுக் கோரும் உழைக்கும் கணக்கீட்டு வேலை, இவற்றுக்கு மட்டுமே நான் இந்த வழியைப் பரிந்துரைப்பேன்.

கர்வ் ஆப்டிமைசர்

ஒவ்வொரு அதிர்வெண்ணுக்கும் எவ்வளவு மின்னழுத்தம் வேண்டும் என்பதைச் சொல்லும் ஒரு வளைகோடு ஒவ்வொரு கோருக்கும் தொழிற்சாலையிலேயே எழுதப்படுகிறது. எல்லாச் சிப்களும் எல்லாச் சூழலிலும் பிழையின்றி ஓட வேண்டும் என்பதால் அதில் சிறிது மிகை இருக்கும். கர்வ் ஆப்டிமைசர் அந்த வளைகோட்டை அப்படியே கீழே இறக்க உதவுகிறது. ஒவ்வொரு கோருக்கும் கழித்தல் 30 வரை எண் கொடுக்கலாம். ஓர் எண் என்பது சுமார் 3 முதல் 5 மில்லிவோல்ட். அதே வேகத்துக்குக் குறைந்த மின்னழுத்தம் போதுமென்றால் வெப்பமும் மின்னோட்டமும் குறைகின்றன. மிஞ்சிய இடத்தைச் செயலி தானாகவே வேகமாக மாற்றிக்கொள்கிறது. ஒற்றைக் கோர் பூஸ்ட், எட்டுக் கோர் வேகம் இரண்டும் ஒருசேர உயர்வது இந்த ஒரு வழியில்தான். வேகம் கூடும்போதே மின்னழுத்தம் குறைகிறது என்பதால்தான் இதை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

இதனோடு பிபிஓ மின்வரம்புகளையும் சேர்த்து யோசிக்க வேண்டும். 5800எக்ஸின் தொழிற்சாலை வரம்புகள் 142 வாட், நீடித்த மின்னோட்டம் 95 ஆம்பியர், உச்ச மின்னோட்டம் 140 ஆம்பியர். பயாஸில் ‘மதர்போர்டு வரம்பு’ என்பதைத் தேர்ந்தால் இவை எல்லாம் பல மடங்கு தளர்ந்துவிடும். 5800எக்ஸில் அது பயன் தருவது அரிது. எட்டுக் கோர்களும் சுமார் 81 சதுர மில்லிமீட்டர் கொண்ட ஒரே சில்லில் அடைந்திருப்பதால், அவ்வளவு சிறிய பரப்பிலிருந்து 142 வாட்டின் பெரும்பகுதியை வெளியே எடுப்பதே பெரும்பாடு. 90 டிகிரி செல்சியஸ் என்பது இச்செயலியின் உச்ச வெப்பநிலை. தொழிற்சாலை அமைப்பிலேயே கடும் சுமையில் பல கணினிகள் அதை நெருங்கிவிடுகின்றன. வரம்பைத் தளர்த்தினால் கூடுதல் மின்சாரம் வெப்பமாக மட்டுமே மாறி, வேகம் 90 டிகிரி சுவரில் மோதி நின்றுவிடும். இதனால்தான் மின்வரம்பை 120 வாட் அளவுக்குக் குறைத்து, வளைகோட்டைக் கீழிறக்குவது பல கணினிகளில் தொழிற்சாலை அமைப்பைவிடக் குளிர்ச்சியாகவும் அதற்குச் சமமான அல்லது சற்று மேலான வேகத்திலும் ஓடுகிறது. பூஸ்ட் உச்சத்தை 200 மெகாஹெர்ட்ஸ் வரை உயர்த்தும் அமைப்பு ஒன்றும் உண்டு. அதைத் தொடக்கத்தில் பூஜ்யத்திலேயே வைத்துவிடுவது நல்லது; வளைகோட்டையும் உச்சத்தையும் ஒரே நேரத்தில் மாற்றினால், பிழை வரும்போது அது எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது.

இனி இந்த வழியின் இருண்ட பக்கம். கர்வ் ஆப்டிமைசரில் எண்ணை மிகையாகக் குறைத்த கணினி, எட்டுக் கோர் சோதனையை இரவு முழுவதும் பிழையின்றித் தாங்கிவிட்டு, மறுநாள் வெறுமனே ஒரு பிடிஎஃப் கோப்பைத் திறந்து வைத்திருக்கும்போது திடீரென மீண்டும் தொடங்கும். காரணம் எளிது. முழுச் சுமையில் கோர்கள் 4.4 அல்லது 4.5 கிகாஹெர்ட்ஸில்தான் ஓடுகின்றன. அங்கே மின்னழுத்த மிகை தாராளமாக உண்டு. ஒரே கோர் ஓய்விலிருந்து துள்ளி உச்ச பூஸ்டை எட்டும் அந்தக் கணத்தில்தான் மிகை மிகக் குறைவு. ஆகவே கனமான சுமையில் கிடைத்த வெற்றி இங்கே ஏறக்குறைய எதையும் நிரூபிப்பதில்லை. எட்டுக் கோருக்கும் கழித்தல் 30 கொடுத்து, சினிபெஞ்ச் (வேகத்தை அளக்கும் நிரல்) பத்து நிமிடம் ஓடியது, நிலையாக இருக்கிறது என்று சொல்லப்படும் முடிவுகளை அப்படியே நம்பி அந்த எண்களை நகலெடுக்க வேண்டாம் என்று வலியுறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். அந்த எண்கள் வேறொரு சிப்புக்கு உரியவை. அந்தச் சிப்பிலும் அவை சோதிக்கப்பட்டவை அல்ல.

கோருக்குக் கோர் தாங்கும் அளவும் வேறுபடும். செயலி தன் சிறந்த கோர்களாகக் குறித்து வைத்திருப்பவை, ஏற்கெனவே இறுக்கமான வளைகோட்டில் அதிக உயரத்துக்குப் போவதால், பெரும்பாலும் குறைவான கழித்தலையே தாங்குகின்றன. எல்லாக் கோர்களுக்கும் கழித்தல் 10 என்று தொடங்கி, ஒரு சுற்றுச் சோதனை முடிந்தபின் ஒவ்வொரு கோராக இறக்கிப் பார்ப்பதே ஒழுங்கான முறை.

தொடாமல் விடுவதும் ஈகோ மோடும்

இதை ஓவர்கிளாக்கிங் தெரியாதவர்களின் வழி என்று தள்ளிவிடுவது நியாயமில்லை. ஈகோ மோடில் 142 வாட் வரம்பு 88 வாட்டாகக் குறைகிறது. எட்டுக் கோர் வேலையில் ஏற்படும் இழப்பு பெரும்பாலும் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கிவிடும். ஒற்றைக் கோர் வேகம் ஏறக்குறைய மாறுவதே இல்லை, ஏனெனில் ஒரு கோர் மட்டும் ஓடும்போது செயலி அந்த வரம்பைத் தொடுவதில்லை. விளையாட்டுகளில் பெரும்பாலானவை 142 வாட்டை எட்டாதவை என்பதால் அங்கும் வேறுபாடு சொற்பம். ஏஎம்டி 2022இல் கொண்டுவந்த ரைசன் 7 5700எக்ஸ் இதே எட்டுக் கோர் கட்டமைப்பை 65 வாட் வகையில் விற்றது என்பதே, இந்தச் சில்லு குறைந்த மின்சாரத்தில் எவ்வளவு நன்றாக உழைக்கும் என்பதற்குச் சான்று. ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் முழுச் சுமையில் ஓடும் கணினியில் 54 வாட் குறைந்தால் மாதத்துக்குச் சுமார் 16 யூனிட் மிச்சமாகும். அறைக்குள் கொட்டும் வெப்பமும் அதே அளவு குறையும்.

வெப்பத்தைப் பற்றிச் சொல்லும்போது நம் வாசகர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கூலர் எவ்வளவு சிறந்ததானாலும் அது செயலியை அறையின் வெப்பநிலைக்கு மேல் இத்தனை டிகிரி என்ற அளவில்தான் வைத்திருக்கும். வெளிநாட்டு ஆய்வுகள் பெரும்பாலும் 21 முதல் 25 டிகிரி வரையுள்ள அறையில் செய்யப்படுபவை. அங்கே 80 டிகிரி காட்டிய அதே அமைப்பு, குளிர்சாதனம் இல்லாத சென்னை அறையில் மே மாதத்தில் 90ஐத் தொட்டுவிடும். பெரிய திரவக் கூலர் வாங்கினால் எல்லாம் தீரும் என்ற நம்பிக்கையும் 5800எக்ஸில் முழுமையாக நிறைவேறாது. தடை கூலரில் இருப்பதைவிட, சிறிய சில்லிலிருந்து உலோக மூடிக்கு வெப்பம் ஏறும் இடத்தில்தான் அதிகம் இருக்கிறது. நல்ல இரட்டைக் கோபுரக் காற்றுக் கூலரும் கேபினெட்டில் தடையில்லாத காற்றோட்டமும் இருந்தால் போதும்.

நிலையானது என்று எப்போது சொல்லலாம்

செயலியைத் தொடுவதற்கு முன் நினைவகத்தைச் சோதித்து முடித்துவிட வேண்டும். நினைவகத்தை அதன் தயாரிப்பாளர் குறித்த உயர் வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி அமைப்பும் ஒருவகை ஓவர்கிளாக்தான். இச்செயலிக்கு அதிகாரபூர்வ நினைவக வேகம் டிடிஆர்4-3200 மட்டுமே. மெம்டெஸ்ட்86 என்ற நினைவகச் சோதனை பிழையின்றி முடிந்தபின் செயலிக்கு வந்தால், பிறகு வரும் பிழைகளுக்கு யார் காரணம் என்ற குழப்பம் பாதியாகக் குறையும்.

நிலையான வேகத்தைத் தேர்ந்தவருக்கு பிரைம்95, ஓசிசிடி, ஒய்-க்ரஞ்சர் ஆகிய சோதனை நிரல்களில் இரண்டைச் சில மணி நேரம் ஓட்டுவது போதுமானது. கர்வ் ஆப்டிமைசரைத் தேர்ந்தவர் கோர்சைக்ளர் போன்ற கருவியால் ஒரு நேரத்தில் ஒரே கோரை மட்டும், அதுவும் ஏவிஎக்ஸ் என்னும் கனமான கணக்குக் கட்டளைகள் இல்லாத மெல்லிய சுமையில் சோதிக்க வேண்டும். கனமான கட்டளைகள் வேகத்தை இறக்கி, நாம் பிடிக்க விரும்பும் பிழையையே மறைத்துவிடும். ஒவ்வொரு கோருக்கும் பல மணி நேரம் ஒதுக்கியபின், கணினியைச் சும்மா விட்டும், உறக்க நிலைக்கு அனுப்பி எழுப்பியும் சில நாட்கள் பார்க்க வேண்டும். விண்டோஸின் ஈவன்ட் வியூவரில், வன்பொருள் பிழைகளைக் குறித்து வைக்கும் வீயா-லாகர் பதிவுகளை அவ்வப்போது திறந்து பார்ப்பது மிக முக்கியம். எண் 18 என்ற பதிவில் அபிக் ஐடி (ஒவ்வொரு திரெட்டுக்கும் உரிய எண்) குறிக்கப்பட்டிருக்கும்; 5800எக்ஸில் அதை இரண்டால் வகுத்தால் தவறிய கோர் எது என்று தெரிந்துவிடும். ஐடி 10 அல்லது 11 என்றால் பூஜ்யத்திலிருந்து எண்ணும்போது கோர் 5. அந்தக் கோருக்கு மட்டும் மூன்று நான்கு எண்கள் திருப்பிக் கொடுத்தால் போதும். மற்றவற்றைத் தொட வேண்டாம். எண் 19 என்ற, திருத்தப்பட்ட பிழையைக் கூறும் பதிவில் ‘பஸ்/இன்டர்கனெக்ட்’ என்று இருந்தால், குறையை வளைகோட்டில் தேடுவதற்கு முன், செயலியின் உட்பகுதிகளை இணைக்கும் இன்ஃபினிட்டி ஃபேப்ரிக்கின் வேகத்தில் தேடுங்கள்.

திரையில் தெரியும் வேகத்தையும் அப்படியே ஏற்க வேண்டாம். மின்னழுத்தம் போதாதபோது ரைசன் தன் கடிகாரத் துடிப்பை நீட்டிச் சமாளிக்கும், 4.85 என்று எண் காட்டிக்கொண்டே உண்மையில் குறைவாக உழைக்கும். எச்டபிள்யூஇன்ஃபோ64 காட்டும் ‘எஃபெக்டிவ் கிளாக்’ அளவையும், மாற்றத்துக்கு முன்னும் பின்னும் எடுத்த சோதனை மதிப்பெண்களையும் ஒப்பிட்டால்தான் கிடைத்தது ஆதாயமா என்று தெரியும்.

உத்தரவாதம் பற்றிய ஏஎம்டியின் நிலை தெளிவானது: தன் சொந்த மென்பொருளால் செய்யப்பட்டாலும், ஓவர்கிளாக்கிங் உத்தரவாதத்தை இழக்கச் செய்யும். பிபிஓவும் இதில் அடங்கும். மின்னழுத்தம் செயலியை மெல்ல மெல்ல முதுமையாக்கும் என்பதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு இன்டெல் தரப்பிலிருந்து வந்தது. அதன் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் செயலிகள் தேவைக்கு மீறிய மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றதால் நிலைகுலைந்தன என்று 2024இல் அந்நிறுவனம் அறிவித்து, செயலியின் உள்நிரலான மைக்ரோகோடைத் திருத்தி, உத்தரவாதத்தை இரண்டு ஆண்டுகள் நீட்டித்தது. பாதிக்கப்பட்ட கணினிகளில் விளையாட்டுகள் திறக்கும்போது வீடியோ நினைவகம் போதவில்லை என்று பிழை வந்ததால், கிராபிக்ஸ் கார்டின் மேல் பழி போட்டவர்கள் பலர். செயலி தவறும்போது பிழைச்செய்தியில் செயலியின் பெயர் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விளையாட்டே முதன்மை நோக்கம் என்றால் இந்த ஒப்பீட்டுக்கு வெளியே இருக்கும் இரண்டையும் பார்க்க வேண்டும். டிடிஆர்4-3600 நினைவகத்தை ஃபேப்ரிக் 1800 மெகாஹெர்ட்ஸோடு ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஓட்டுவது பல விளையாட்டுகளில் கோர் வேகத்தைவிட அதிகப் பயன் தரும். 2022 ஏப்ரலில் வந்த 5800எக்ஸ்3டி, 32 மெகாபைட்டுக்குப் பதில் 96 மெகாபைட் எல்3 கேஷ் (செயலிக்குள்ளேயே உள்ள வேக நினைவகம்) கொண்டிருப்பதால், 4.5 கிகாஹெர்ட்ஸ் மட்டுமே பூஸ்ட் ஆனாலும் விளையாட்டுகளில் 5800எக்ஸின் எந்த ஓவர்கிளாக்கையும் பெரும்பாலும் முந்திவிடுகிறது. நியாயமான விலைக்கு அது கிடைத்தால், இங்கே சொன்ன உழைப்பை மிச்சப்படுத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது வழியில் இறங்குபவர்கள் இறுதி எண்களைப் படமெடுத்து வைத்துக்கொள்வது அவசியம். பயாஸைப் புதுப்பிக்கும்போது அவை அழிந்துவிடும். புதிய பதிப்பில் பூஸ்ட் நடத்தை மாறியிருக்கவும் கூடும் என்பதால், பழைய எண்களைத் திருப்பி எழுதினால் மட்டும் போதாது, ஒற்றைக் கோர் சோதனையையும் மீண்டும் ஓட்ட வேண்டும். டிசம்பரில் சோதித்து முடித்த கணினியைக் கோடையிலும் ஒருமுறை சோதித்து, வீயா பதிவுகளில் புதிதாக ஏதேனும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.